களைத்து வரும் அம்மாவுக்குப் பத்து யோசனைகள் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளைக் கைப்பேசியிலிருந்து விலக்கி, மாலை வேளையை மகிழ்ச்சியாகக் கழிக்க வைப்பதற்குப் பத்து வழிகளைச் சொன்ன கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் படித்தேன். கைப்பேசியைப் பற்றி அதில் சொல்லியிருந்தவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் கட்டுரையில் இருந்த பத்து வழிகளையும் செய்து பார்ப்பதற்கு, மதியம் நன்றாகத் தூங்கி எழுந்த ஓர் அம்மா வேண்டும். கோதுமை மாவில் வண்ணம் கலந்து பொம்மை பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்; அந்த மாவைப் பிசைவது யார், பிறகு தரையில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்டுவது யார் என்பதைச் சொல்லவில்லை. குரலை மாற்றி மாற்றி நடித்துக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிவிட்டு வந்த தொண்டைக்கு அது ஆகுமா என்று யோசிக்கவில்லை. கட்டுரையின் கடைசி வரி, பிள்ளைக்கு நேரம் ஒதுக்காத பெற்றோரைக் கண்டிப்பதாக இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் திருப்பூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மையத்துக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பதிகளின் பிள்ளைகள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் பிழைப்புக்காக இங்கே வந்து, ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுத்துக் கட்டிய லைன் வீடுகளில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாகக் குடியிருப்பவர்கள் அவர்கள். அண்மைக் காலமாகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து அதே பாயில் உட்கார்ந்தார்கள். இந்த வீடுகள் எதிலும் பாட்டி இல்லை. ஊரில் இருக்கும் பாட்டி காட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டு வர முடியாது. வந்தாலும் படுக்க இடமில்லை.

எங்கள் ஊரின் மாலை நேரத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் வேலை இரவு எட்டரை வரை நீளும். இதை நாங்கள் ஒன்றரை ஷிப்ட் என்போம். வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது, ஏனென்றால் சனிக்கிழமை கைக்கு வரும் வாரச் சம்பளத்தில் அந்த அரை ஷிப்ட்தான் வாடகையாகிறது. செக்கிங் பார்க்கும் பெண் நாள் முழுவதும் மேசைமுன் நின்றபடி, துணியில் ஓட்டையும் கறையும் உண்டா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களில் தைப்பவர் குனிந்த முதுகோடு உட்கார்ந்திருக்கிறார். கைமடி வேலைக்குப் போகும் பெண் தையற்காரரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நாள் முழுவதும் துண்டுகளை எடுத்துக் கொடுக்கிறாள். இவர்கள் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் பிடித்து, காலைப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கும்போதுதான் மூன்று வயதுப் பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்கிறது.

இந்தக் களைப்பைப் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். அவ்வாறு ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக்கணக்கு, அதிலும் பெண்ணுக்கு 134 நிமிடங்கள், ஆணுக்கு 76 நிமிடங்கள். இது இந்தியா முழுமைக்குமான சராசரி. இந்த நிமிடங்களோடு ஒன்றரை ஷிப்டையும் கூட்டிப் பார்த்தால், வண்ண மாவு பிசைய எந்த நேரத்தை ஒதுக்குவது என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இனி, குழந்தையின் பக்கத்தைப் பார்ப்போம். "ஏனுங் டீச்சர், உங்ககிட்ட மட்டும் எப்படிச் சமர்த்தா இருக்குறான்? என்னைக் கண்டா மட்டும் ஏன் இப்படி உசுரை வாங்குறான்?" என்று கேட்காத தாய் என் பணிக்காலத்தில் அரிது. பகல் முழுவதும் பிறரோடு பாயைப் பகிர்ந்து, கொடுத்த முட்டையைச் சாப்பிட்டு, சொன்ன இடத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை, தாயின் முகத்தைக் கண்ட சிறிது நேரத்தில், தண்ணீரைத் தன் டம்ளரில் தராமல் வேறு டம்ளரில் தந்துவிட்டாள் என்பதற்காகத் தரையில் விழுந்து புரளும். அந்தப் பிள்ளை பகல் முழுவதும் தன்னை அடக்கி வைத்திருந்தது. அழுவதற்கு அச்சமில்லாத ஒருத்தி வந்துவிட்டாள், அதனால் அழுகிறது. இதைத் தாய் தன்மேல் வைக்கும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறாள். அலுப்பில் ஓர் அடி வைத்துவிடுகிறாள், அல்லது கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். இரண்டில் கைப்பேசியே மேல் என்று நான் சொன்னால் குழந்தை மருத்துவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வேளையில் பிள்ளை புதிய பொம்மையையோ புதிய கலையையோ கேட்பதில்லை. தாயின் உடம்பு தனக்கு அருகில் இருக்க வேண்டும், அது தன்னைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறது. இவ்வளவையும் கொடுக்கத் தாய் எழுந்து நிற்க வேண்டிய தேவையே இல்லை. பத்திரிகைகளில் வரும் யோசனைகளில் தவறாமல் விடுபட்டுப் போவது இந்த ஒன்றுதான். பெரியவர் படுத்திருக்க, பிள்ளை ஓடியாடும் விளையாட்டுகள் நம் வீடுகளில் வேண்டிய அளவு இருந்தன. அவற்றை எவரும் விளையாட்டு என்று பெயரிட்டு எழுதி வைக்கவில்லை, ஆகவே பட்டியல்களில் அவை இடம்பெறுவதில்லை.

கால் மிதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செக்கிங் மேசைமுன் நின்று கெண்டைக்கால் கட்டிப்போன தாய் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, பிள்ளையைக் காலின்மேல் ஏறி நடக்கச் சொல்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்திலிருந்து தொடை வரை விழாமல் போய்த் திரும்புவது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு சாகசம். பாரம் போதவில்லை என்றால் "இன்னும் அழுத்தி" என்றும், வலித்தால் "அங்கே வேண்டாம்" என்றும் சொன்னால் போதும். தாய் கவனிப்பதாகப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தாய்க்கு வலி குறைகிறது, பிள்ளைக்கோ தன்னால் அம்மாவுக்கு ஓர் உதவி ஆகிறது என்ற பெருமை. முழங்காலின் மேலும் முதுகெலும்பின் மேலும் நிற்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் எடை கூடிய பிறகு இந்த விளையாட்டை நிறுத்திவிடுவது நல்லது.

முதுகில் எழுதுவது மற்றொன்று. பிள்ளை விரலால் முதுகில் ஓர் எழுத்தை எழுத, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ட, ப என்று நேர்கோடுகளால் ஆன எழுத்துகளில் தொடங்கும் பிள்ளை, சில நாள்களில் வேண்டுமென்றே ழ-வையும் ஞ-வையும் எழுதி அப்பாவைத் தோற்கடிக்கப் பார்க்கும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி, துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு முதுகு வருடல். இதைவிட மலிவான ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பதில் சொல்வதற்குள் அப்பா தூங்கிவிடுவதும் உண்டு. அதையும் பிள்ளைகள் தங்கள் வெற்றியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னும் சிறிய பிள்ளைக்குப் பருப்புக் கடையும் விளையாட்டு இருக்கிறது. பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, சோறு பிசைந்து, நெய் ஊற்றி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, ஊரில் இருக்கும் ஆயாவுக்கு என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கவளம் ஊட்டி, மீந்ததைக் கழுவி ஊற்றிவிட்டு, நண்டு ஊருது, நரி ஊருது என்று கை வழியாக விரல்களை நடத்திக்கொண்டு போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது. நண்டு முழங்கையைத் தாண்டும் முன்பே பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிடும், ஏனென்றால் அது எங்கே போய் முடியும் என்பது அதற்குத் தெரியும். மீண்டும் மீண்டும் அதையே கேட்கும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது பெரியவருக்குச் சலிப்பு, பிள்ளைக்கோ அதுதான் நிம்மதி. ஆகவே புதிது புதிதாக எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கவலை களைத்த பெற்றோருக்கு வேண்டியதில்லை. நேற்றைய விளையாட்டே இன்றைக்கும் ஆகும்.

ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விடுகதை போதும். விளக்கை அணைத்துவிட்டுக்கூடப் போடலாம். "அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள், அது என்ன?" என்று கேட்டால் அம்மியும் குழவியும் என்பது விடை. ஆனால் இப்போதைய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மி என்றால் என்ன என்பதை முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கினால் அதுவே ஒரு கதையாகி இன்னும் சிறிது நேரம் ஓடும். கடை விளையாட்டிலும் இதே வசதி உண்டு. பிள்ளை கடைக்காரராகிவிட வேண்டும், பெரியவர் படுத்தபடியே சாமான் கேட்கும் வாடிக்கையாளர். அரைக் கிலோ தக்காளி என்றால் பிள்ளை எழுந்து ஓடி எதையோ எடுத்து வந்து, நிறுத்து, காகிதத்தில் கட்டிக் கொடுத்து, சில்லறையும் தரும். உடல் உழைப்பு முழுவதும் கடைக்காரருடையது.

அடுப்படி வேலை மிச்சமிருக்கும்போது படுக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். அந்த நேரத்தில் பிள்ளையை அப்புறப்படுத்த முயல்வதைவிட, வேலையில் ஒரு பங்கைக் கொடுத்துக் கண்ணெதிரே உட்கார வைப்பது எளிது. முருங்கைக்கீரை உருவுவது அதற்கென்றே அமைந்த வேலை. கத்தி வேண்டாம், கொட்டினாலும் கறையாகாது, ஒரு கொத்தை உருவி முடிக்கப் பிள்ளையின் விரல்களுக்கு வெகுநேரம் பிடிக்கும். தை மாதத்தில் மொச்சையும் பச்சைத் துவரையும் உரிக்கலாம். பூண்டைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கொடுத்தால் தோல் தானாகவே கழன்றுவரும். கீரையில் காம்பு இருக்கும், மொச்சையில் பாதி நசுங்கியிருக்கும். அதைப் பிள்ளையின் முன்னால் திருத்தக் கூடாது. எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. வண்ண வண்ணமான பனியன் துணித் துண்டுகளை ஒரு பைநிறையக் கொடுத்துவிட்டால், அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கவும், ஒன்றோடொன்று முடிந்து நீளக் கயிறாக்கவும், ரொட்டித் துண்டுபோல் அடுக்கிக் கடை வைக்கவும் பிள்ளைகளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. என் மையத்துக்கு வந்த விலையுயர்ந்த நெகிழிப் பொம்மைகள் பீரோவில் தூங்கின. துணிப் பந்துகளை வாரந்தோறும் துவைத்துப் போட வேண்டியிருந்தது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே வலியுறுத்த வேண்டும்; விளையாட்டு யோசனை தரும் எவரும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. களைத்துப்போன பெற்றோர் பிள்ளையின் அருகில் கண்ணயர்ந்துவிடுவார்கள். அதை மன உறுதியால் தடுத்துவிட முடியாது. ஆகவே, தூங்கிவிடுவோம் என்று வைத்துக்கொண்டே வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் படுக்க வேண்டும். லைன் வீடுகளில் தண்ணீர் வரும் நாளில் குடத்திலும் வாளியிலும் டிரம்மிலும் நிரப்பி வைப்பார்கள். நடக்கத் தொடங்கிய குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்குவதற்கு வாளியில் பாதித் தண்ணீர்கூட வேண்டாம், சத்தமும் வெளியே கேட்காது. அவற்றை மூட வேண்டும், அல்லது வாளியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கதவுக்கு மேல் தாழ்ப்பாளைப் போட வேண்டும். தேய்ப்புப் பெட்டி, கொசுவர்த்தி, மாத்திரை அட்டை, பொம்மைகளிலிருந்து கழன்று விழும் பொத்தான் பேட்டரி ஆகியவற்றைக் கீழே விடக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் புளியங்கொட்டையையும் சோழியையும் வேர்க்கடலையையும் கொடுத்துப் பல்லாங்குழி ஆடச் சொல்லும் ஆசை சிலருக்கு வரும். அந்த வயதில் அவை வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோதான் போகும். பல்லாங்குழி பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு உரியது.

கைப்பேசியை முற்றாக விலக்கிவிடவும் நான் சொல்லவில்லை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் அரை மணி நேரம் பார்த்துவிட்ட நான்கு வயதுப் பிள்ளை கெட்டுப்போய்விடாது. சோறு ஊட்டும்போதும் தூங்கப் போகும்போதும் கொடுப்பதுதான் பழக்கமாகிவிடுகிறது; பிறகு அது இல்லாமல் வாயும் திறக்காது, கண்ணும் மூடாது. ஆனால் அந்தக் கருவிக்குள் மறந்துபோன ஒரு பயன் இருக்கிறது: அதைக் கொண்டு பேசவும் செய்யலாம். ஊரில் இருக்கும் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டால், தேனிப் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு கதை திருப்பூர் லைன் வீட்டுக்கு வந்து சேரும். முகம் தெரியும் அழைப்பு வேண்டாம். முகம் தெரிந்தால் பிள்ளை கதையைக் கேட்காமல் திரையை அழுத்திக்கொண்டிருக்கும். மாலையில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த முதியவர்களுக்கு இது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து மையத்துக்கு வந்து நின்ற பாட்டிகளிடம் நான் கேட்டிருக்கிறேன்.

கட்டுரை முழுவதும் "அம்மாக்களே" என்று விளித்திருந்தது. மேலே சொன்ன 97 நிமிடக் கணக்குக்கு உரியவர்களையும் ஓர் இடத்திலாவது விளித்திருக்கலாம். கணவர் களைத்து வரவில்லை என்று நான் சொல்லவில்லை. சாயப்பட்டறையில் ஈரத்தில் நிற்பவரின் களைப்பை நான் அறிவேன். ஆனால் இருவரும் களைத்து வரும் வீட்டில் ஒருவர் மட்டும் படுப்பதும், மற்றவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதும் களைப்பினால் நேர்வதல்ல. அரை மணி நேரம் ஒருவர், அடுத்த அரை மணி நேரம் மற்றவர் என்று முறை வைத்துப் படுத்துக்கொள்ளும் தம்பதிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் காலையில் மையத்துக்கு வரும்போது எண்ணெய் வைத்துத் தலை வாரியிருக்கும் என்பது என் அனுபவம். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் அப்பாவின் வீடு வேறு வகைச் சிக்கல். ஓர் அறை வீட்டில் விடுமுறை நாளன்று பிள்ளையைப் "பேசாதே, சிரிக்காதே" என்று அதட்டுவதைத் தவிர அங்கே தாய்க்கு வேறு வழியில்லை. லைன் வீட்டின் பொதுத் திண்ணையும் முற்றமும் இருசக்கர வண்டிகளால் நிரம்பிவிடாமல் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டால், அதுவே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உபகாரம்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது இவ்வளவுதான். இதற்கு மேல் வேண்டியது இன்னொரு ஜோடிக் கை, அதைக் கட்டுரைகள் தர முடியாது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குக் காப்பக வசதி கட்டாயம் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு செய்த திருத்தம் சொன்னது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் சிலவற்றில் நல்ல காப்பகங்கள் உண்டு. ஆனால் எங்கள் ஊரின் வேலையில் பெரும்பங்கு பெரிய கம்பெனிகளிடம் கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடக்கிறது. அங்கே பன்னிரண்டு இயந்திரம், இருபது பேர். சட்டம் அந்தப் படியேறி வராது. அந்தப் பெண்களுக்கு இருப்பது அங்கன்வாடி ஒன்றுதான்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கிட்டத்தட்ட எந்தத் தெருவிலிருந்தும் நடந்து போகும் தொலைவில் ஒன்று இருக்கும். சமையலறையும் பாயும் பிள்ளைகளை அறிந்த ஆளும் உள்ள அந்தக் கட்டடம், தாய்க்கு மிகவும் வேண்டிய மாலை வேளையில் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி விடும் நேரத்துக்கும் மையம் மூடும் நேரத்துக்கும் இடையில் அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கிறது, அல்லது எட்டு வயது அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. அந்த அக்காவும் ஒரு குழந்தைதான் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவதற்கு ஒன்றிய அரசின் பால்னா திட்டம் இடம் தருகிறது. தொழிலாளர் மிகுந்த பகுதிகளில் தெரிந்தெடுத்த சில மையங்களையாவது இரவு எட்டரை மணி வரை திறந்து வைக்க மாநில அரசும் மாநகராட்சியும் முன்வர வேண்டும். செலவில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர் சங்கங்களிடம் கேட்பதிலும் தவறில்லை, அந்த அரை ஷிப்டின் பலன் அவர்களுக்கும்தானே போகிறது.

ஒரு நிபந்தனையை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்த மாலை வேலையை இப்போதுள்ள பணியாளரின் தலையில் கட்டக் கூடாது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகப் போவது, பதிவேடுகள், 2021-ஆம் ஆண்டு முதல் போஷன் டிராக்கர் செயலியில் அன்றாடப் பதிவு, இடையிடையே வாக்காளர் பட்டியல் வேலை என்று அவர்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள். மாலைக்குத் தனி ஆள், தனி ஊதியம் வேண்டும். களைத்த தாய்மாரின் பிள்ளைகளை இன்னொரு களைத்த தாயிடம் ஒப்படைத்துவிட்டு அதைத் திட்டம் என்று அறிவிப்பதில் பொருளில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தங்கள் சிறுவர் பகுதி வார இறுதி இணைப்பாக வருகிறது. அதில் உள்ள வினாக்களும் கைவினைகளும் பெரும்பாலும் பெரியவர் உடன் உட்கார்ந்து படித்துக் காட்டினால்தான் பிள்ளைக்கு விளங்கும் வகையில் இருக்கின்றன. வேலை நாள் ஒன்றில் கால் பக்கம் ஒதுக்கி, படிக்கத் தெரியாத பிள்ளையும் தானாகவே செய்யக்கூடிய புள்ளிக்கோலமோ, வேறுபாடு கண்டுபிடிக்கும் படமோ, தாளைக் கிழித்து மடித்தால் ஆகிவிடும் ஒரு கப்பலோ போட்டால் நல்லது. எழுத்து பெரியதாகவும், தேவைப்படும் பொருள் அந்தத் தாளும் ஒரு பென்சிலுமாக மட்டும் இருக்கட்டும். கத்தரிக்கோலும் பசையும் கேட்காதீர்கள். அவற்றைத் தேடி எடுத்துக் கொடுக்கவும் அம்மாதான் எழுந்து போக வேண்டியிருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருப்பூர்.